பதினாறு எழுத்தோடு நின்ற பெயர்

லண்டன்
12.01.1994

அன்புள்ள தங்கச்சி கனகத்துக்கு,

நானும் அண்ணியும் சின்னவளும் சுகம்; குளிர் ஒன்றுதான் குறை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? கொக்குவிலில் மழை விட்டுவிட்டதா?

உனக்குப் பிடித்த செய்தி ஒன்று. சி மொழியில் ஒரு நிரல் நூலகம் எழுதி முடித்துவிட்டேன். பெயர்ப் பட்டியல்களை அடுக்க, சேர்க்க, ஒரே பெயர் இரண்டு தரம் வந்திருந்தால் கண்டுபிடிக்க உதவும் சிறு நிரல்களின் கட்டு. காசு வாங்காமல் எல்லாருக்கும் திறந்து கொடுத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துத் தங்கள் வேலைக்குப் பொருத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். கலிபோர்னியாவிலிருந்துகூட ஒருவர் நன்றி எழுதியிருக்கிறார்.

முழுவதையும் அச்செடுத்துக் கொழும்பு வரும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். கணனி படிப்பித்தவள் நீ. மின்சாரம் இல்லாத ஊரில் வாசிக்கவாவது ஏதும் இருக்கட்டும்.

அம்மாவுக்கு என் அன்பு.

அண்ணன்
இராசன்


கொக்குவில்
06.03.1994

அன்பின் அண்ணைக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாவிட்டபுரத்துக் கந்தனை வேண்டுகிறேன். கோயிலடியில் ஆமி முகாம் போட்டிருக்கிறது, போக விடாது. வேண்டுவதை ஒருவரும் தடுக்க முடியாதுதானே. அம்மாவின் முழங்கால் பழையபடிதான், வாய் மட்டும் நல்ல சுகம்.

உங்கள் நூலகம் வந்து சேர்ந்தது. பகல் வெளிச்சத்தில் வாசித்து முடித்தேன். அடுக்கும் நிரல் அழகாக இருக்கிறது; பொறாமையாகவும் இருந்தது. முதல் பக்கத்தில் "ராஜ் சிவா" என்று ஒரு பெயர் இருக்கிறதே, உங்கள் கூட்டாளியா?

கடைசித் தாள் ஒன்று தவறிக் கூடவே வந்திருக்கிறது. கொம்பைலர் உங்களுக்குச் சொன்ன எச்சரிக்கைகள். கொம்பைலர் என்றால் என்ன என்று அம்மா கேட்டார். நாம் எழுதுவதைக் கணனிக்கு விளங்கும்படி மாற்றித் தருவது, பெரிய பிழை என்றால் நின்றுவிடும், சந்தேகம் என்றால் எச்சரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும் என்றேன். "அப்ப உன்னைப்போலை எண்டு சொல்லு" என்றார்.

அண்ணை, அந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை வெறும் முணுமுணுப்பு. ஒன்று மட்டும் அப்படி இல்லை. இரண்டு பெயர் ஒன்றா என்று பார்க்கும் நிரலில், எவ்வளவு நீளத்துக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர் சொல்கிறார். நீங்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு எங்கும் பயன்படுத்தவில்லை. "நீளம் பயன்படவில்லை" என்று கொம்பைலர் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் நிரல் யார் என்ன சொன்னாலும் முதல் பதினாறு எழுத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறது. திருத்துங்கள்.

பின்வளவு அறையில் அருந்ததி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். தெல்லிப்பழையில் இருந்து இடம்பெயர்ந்தவள். செத்துப்போன தமக்கையின் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். நல்ல துணை.

அண்ணிக்கும் சின்னவளுக்கும் அம்மாவின் ஆசி.

தங்கை
கனகம்


லண்டன்
24.04.1994

அன்புள்ள கனகம்,

கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம். அம்மா தைலம் பூசுகிறாவா?

உன் புத்தி இன்னும் வகுப்பறையில்தான் நிற்கிறது. பதினாறு எழுத்துக்குள் இங்கே எல்லாப் பெயரும் அடங்கும். நூற்றுக்கணக்கான பெயர்களைப் போட்டுச் சோதித்துவிட்டேன். எச்சரிக்கை என்பது பிழை அல்ல. எல்லா எச்சரிக்கைக்கும் ஓடினால் வேலை நடக்காது. அவற்றைக் காட்டாதே என்று கொம்பைலருக்கு ஒரு கட்டளை இருக்கிறது, போட்டுவிட்டேன். இப்போது சத்தமே இல்லை.

ஒரு நல்ல செய்தி: இங்குள்ள கொம்பனி ஒன்று என் நூலகத்தை எடுத்து ஒரு நிவாரண நிறுவனத்துக்கு நிரல் செய்து கொடுத்திருக்கிறதாம். எங்கள் பக்கத்து நாடு ஒன்றுக்கென்று நினைக்கிறேன்.

அண்ணன்
இராசன்


கொக்குவில்
11.06.1994

அன்பின் அண்ணைக்கு,

நானும் அம்மாவும் இருக்கிறோம். உங்கள் மூவருக்கும் சுகமாக இருக்க வேண்டும். தாளுக்குத் தட்டுப்பாடு, ஆகவே உங்கள் நூலகத்தின் முதுகில் எழுதுகிறேன்.

பக்கத்து நாடு அல்ல. உங்கள் சொந்த ஊர்.

வியாழக்கிழமை அருந்ததி நிவாரண அட்டையோடு சாமான் எடுக்கக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனாள். நானும் போனேன். கொழும்பிலிருந்து புதுப் பட்டியல் வந்திருந்தது, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளத் தாளில். முகாமையாளர் வரிசை முழுவதற்கும் கேட்க வாசித்தார்: "பாலசுப்பிரமணியம் அருந்ததி. இரட்டைப் பதிவு. காட் ரத்து."

அவள் திகைத்து நின்றாள். "ஐயா, நான் ஒரு காட்தானே வைச்சிருக்கிறன்" என்றாள். அவர் சொன்னார்: "பிள்ளை, கொம்பியூட்டர் சொல்லுது. அது ஆரின்ரை முகத்தையும் பாத்துச் சொல்லாது." பின்னால் நின்ற ஒருத்தி, "தமையன்ரை பேரிலை ரெண்டாம் காட் எடுத்திருக்கிறாள் போலை" என்றாள். அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வீட்டுக்கு வருவதற்குள் அவள் கள்ளி ஆகிவிட்டாள்.

அந்தத் தமையன் சீவரத்தினமும் அதே வரிசையில் நின்றவர். அவரும் இடம்பெயர்ந்து கொக்குவிலில்தான் இருக்கிறார். தங்கை அழ அழ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, தன் பங்கை வாங்கிக்கொண்டு போனார். அவருடைய மனைவி எங்கள் படலை வாசலில் வந்து நின்று, "எங்கடை காட்டை வெட்டப் பாத்தவள்" என்று கத்தினாள்.

எனக்கு நித்திரை வரவில்லை அண்ணை, கோபத்தில். நிவாரண நிறுவனத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் பட்டியல் பார்க்கும் மரியரட்ணம் முன்பு என்னிடம் படித்தவர். அவரிடம் போய்ப் பட்டியலைக் காட்டச் சொன்னேன். வெட்டுப்பட்டவர்களைப் பார்த்தேன். எல்லாம் பாலசுப்பிரமணியத்தின் பிள்ளைகள், கனகசபாபதியின் பிள்ளைகள், திருஞானசம்பந்தரின் பிள்ளைகள். வேலன், கந்தையா பெற்ற பிள்ளைகளில் ஒருவர்கூட இல்லை.

அண்ணை, எங்கள் ஊரில் தகப்பன் பெயரை முன்னுக்கு எழுதி, சொந்தப் பெயரைப் பின்னுக்கு எழுதுவோம். மறந்துபோனீர்களா? பாலசுப்பிரமணியம் ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து. ஒரு இடைவெளி. பதினாறு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வருவது சீவரத்தினமா அருந்ததியா என்று உங்கள் நிரல் பார்ப்பதே இல்லை. அண்ணனும் தங்கையும் ஒரே ஆள், முதலில் பதிந்தவர் மெய், மற்றவர் கள்ளர்.

பட்டியலின் அடியில் "பெயர் ஒப்பீடு: ராஜ் சிவா" என்று அச்சடித்திருக்கிறது. அது கூட்டாளி இல்லை, நீங்கள்தான் என்று அப்போதுதான் விளங்கியது. இடைவெளியோடு சேர்த்தே எட்டு எழுத்துப் பெயர்! உங்களுக்குப் பதினாறு தாராளம்தான்.

இந்தக் கிழமைக்குள்ளேயே நிறுவனத்துக்கு எழுதி, நிரலில் பிழை என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பால்மா நின்றுவிட்டது.

கனகம்


லண்டன்
20.07.1994

அன்புள்ள கனகம்,

சுகமா? இங்கே இந்த வருடம் நல்ல வெயில். சின்னவள் நீச்சல் பழகுகிறாள். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருக்கிறேன், வருபவர்கள் யாரும் இருந்தால் அனுப்புவேன்.

நீ எழுதியதை வாசித்தேன். பதிவு செய்தவர்களும் தட்டெழுதியவர்களும் விட்ட பிழையாக இருக்கலாம். நூலகத்தின் முதல் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறேன்: இது உள்ளபடி தரப்படுகிறது, இதனால் வரும் எந்த நட்டத்துக்கும் ஆசிரியர் பொறுப்பில்லை. இலவசமாகக் கொடுக்கும் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

அம்மாவைக் கவனமாகப் பார்.

இராசன்


கொக்குவில்
29.08.1994

அன்பின் அண்ணைக்கு,

சுகம் விசாரித்ததற்கு நன்றி. யாழ்ப்பாணத்து ஆவணி வெயிலில் கம்பளிச் சால்வை அம்மாவுக்கு மெத்த உதவும். "நாங்கள் எங்கை இருக்கிறம் எண்டதையும் அவன் மறந்திட்டான்" என்று சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

பொறுப்பில்லையாம்! சந்தையில் நல்லெண்ணெய் விற்கிறவன் போத்தலில் இப்படி எழுதி ஒட்டினால் ஒருவர் வாங்குவாரா? காசு வாங்கவில்லை என்பது உங்கள் பெருந்தன்மை, ஒத்துக்கொள்கிறேன். அன்னதானத்தில் கல் கிடந்து பல்லு உடைந்தால், "சோறு சும்மாதானே போட்டனான்" என்றா சொல்வது? தெரியாமல் கிடந்த கல் என்றாலும் பரவாயில்லை. கொம்பைலர் சொன்னது. நான் சொன்னேன். நீங்கள் கொம்பைலரின் வாயைக் கட்டினீர்கள். என் கடிதத்துக்கு வெயிலைப் பற்றி எழுதினீர்கள்.

உங்கள் விதிப்படி பார்த்தால் நீங்களும் நானும் ஒரே ஆள்தான். அப்பாவின் பெயர் சிவசுப்பிரமணியம், இடைவெளி, முடிந்தது. முதலில் பிறந்தவர் நீங்கள், ஆகவே நான் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப ஏன் நான் ரெண்டு தரம் நொந்து பெத்தனான்?" என்று கேட்டார். பதில் இருந்தால் எழுதுங்கள்.

திருத்தம் இரண்டே வரிதான். இந்தத் தாளின் மறுபக்கத்தில், உங்கள் நிரலுக்கு நேரே எழுதியிருக்கிறேன். பதினாறு என்பதை எடுத்துவிட்டு, கேட்பவர் தரும் நீளத்தைப் போடுங்கள். அந்த நீளத்துக்குள் பெயர் முடிந்துவிட்டால் நிற்கச் சொல்லுங்கள். கணனி என் கையில் இல்லை, மனதில் ஓட்டிப் பார்த்தேன். சரியாக ஓடுகிறது.

அருந்ததி சாமானுக்கு அழவில்லை. எங்கள் பங்கில் பாதி கொடுக்கிறோம், வாங்கவே கூச்சப்படுகிறாள். கிணற்றடிக்குத் தண்ணீர் அள்ள வரும் பெண்கள் அவளைக் கண்டதும் கதையை நிறுத்துகிறார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கனகம்


கொக்குவில்
03.10.1994

அண்ணைக்கு,

உங்கள் பதில் இல்லை. சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

அருந்ததியின் முறைப்பாட்டுக்கு நிறுவனம் பதில் அனுப்பியிருக்கிறது. ஆங்கிலத்தில் வந்ததால் நான்தான் அவளுக்கு வாசித்துச் சொல்லவேண்டி வந்தது. "நிரல் நூலகத்தின் ஆசிரியரிடம் ஜூலை மாதம் நேரில் விசாரித்தோம். ஒப்பீட்டில் பிழை இல்லை என்று அவர் உறுதி கூறினார். ஆகவே முறைப்பாடு நிராகரிக்கப்படுகிறது."

ஜூலை மாதம். என் கடிதம் உங்கள் கையில் இருந்த மாதம்.

அந்த ஆசிரியர் என்னுடைய அண்ணன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "அவருக்கும் அங்கை என்ன கஸ்டமோ, அக்கா" என்றாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் உங்களுக்காக வெட்கப்படுகிறேன் அண்ணை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

கனகம்


லண்டன்
06.11.1994

கனகம்,

எல்லாரும் சுகம். உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன.

நான் இங்கே பொறியியலாளராக வேலை செய்கிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் அப்படி எழுதியதில்லை, இல்லை என்று எழுதியதும் இல்லை. ஆறு வருடமாக ஒரு பெற்றோல் நிலையத்தில்தான் நின்றேன். என் பெயரை இங்கே ஒருவரும் சொல்லமாட்டார்கள், நாக்குச் சுளுக்குகிறது என்று சிரிப்பார்கள். அதுதான் ராஜ் சிவா. அந்த நூலகம் வேலை முடிந்து வந்து எழுதியது. அதைப் பார்த்துத்தான் அந்தக் கொம்பனி என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அங்கே வைத்துத்தான், நிறுவனத்து ஆளும் இருக்க, பிழை ஏதும் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வேலை கிடைத்தது.

உன் இரண்டு வரியையும் போட்டுவிட்டேன். சரியாகவே ஓடுகிறது. புதுப் பதிப்பில் "சிறு திருத்தங்கள்" என்று குறித்து வெளியிட்டுவிட்டேன், கொம்பனியும் எடுத்துவிட்டது. அடுத்த பட்டியலில் அவளுடைய பெயர் வரும். இத்தோடு விடு.

அம்மாவுக்குப் பெற்றோல் நிலையத்தைச் சொல்லாதே.

இராசன்


கொக்குவில்
14.12.1994

அன்பின் அண்ணைக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்குச் சொல்லவில்லை. பெற்றோல் அடிப்பதில் என்ன வெட்கம்? நேர்மையான வேலை. நீங்கள் வெட்கப்பட வேண்டியது வேறு.

புதுப் பட்டியல் வந்தது. அருந்ததியின் பெயர் இருக்கிறது. பக்கத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறது: "இரட்டைப் பதிவு, மன்னிக்கப்பட்டது." வெட்டுப்பட்ட எல்லாருக்கும் அப்படியே. கொழும்பில் யாருக்கும் ஏன் இந்தப் பெயர்கள் திடீரென்று திரும்பி வந்தன என்று தெரியாது, நீங்கள் சொல்லவில்லையே. அவர்களாக ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

முகாமையாளர் அதையும் வாசித்தார். அருந்ததி மாவைத் தொடவில்லை. "என்னை ஆர் மன்னிக்கிறது? நான் என்ன செய்தனான்?" என்று கேட்டாள். "பிள்ளை, வீண் கதை வேண்டாம், சாமானை எடு" என்றார். "கள்ளி எண்டு ஒத்துக்கொண்டு எனக்கு ஒரு சாமானும் வேண்டாம் ஐயா" என்று வெறும் பையோடு திரும்பி வந்தாள். சின்னவன் பால் கேட்டு அழுதான். அவனோடு சேர்ந்து அவளும் அழுதாள், ஆனால் திரும்பப் போகவில்லை.

மரியரட்ணமும் பேசிப் பார்த்தார். "ரீச்சர், அவவுக்குச் சொல்லுங்கோ, பசிக்கேக்கை ரோசம் பாக்கேலாது" என்றார். நான் சொல்லமாட்டேன். அவள் செய்வதுதான் சரி.

சிறு திருத்தங்கள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள். நிரலைத் திருத்திவிட்டீர்கள்; சொன்ன பொய்யைத் திருத்தவில்லை. பிழை உங்களுடையது, பழி அவளுடையது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பிழை எங்கே இருந்தது என்று அதை விட்டவர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். வேலை போய்விடும் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

கனகம்


லண்டன்
15.01.1995

அன்புள்ள கனகம்,

இங்கே மூவரும் சுகம். சமாதானப் பேச்சு என்று றேடியோவில் சொல்கிறார்கள். கடிதங்கள் இனியாவது சுணங்காமல் வருமென்று நம்புகிறேன்.

இத்தோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று நிறுவனத்துக்கும் கொம்பனிக்கும் அனுப்பிய கடிதத்தின் பிரதி. மற்றது தமிழில், அருந்ததிக்கு.

கொம்பனியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். பெற்றோல் நிலையத்தின் முதலாளி நல்ல மனுசன், திரும்பவும் சேர்த்துக்கொண்டார்.

அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, எல்லாவற்றையும்.

சிவசுப்பிரமணியம் இராசநாயகம்


கொக்குவில்
22.02.1995

அன்பின் அண்ணைக்கு,

உங்கள் மூவரின் சுகத்துக்கும் அம்மா நேர்த்தி வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் குளிருக்கை வெளியிலை நிண்டோ பெற்றோல் அடிக்கிறவன்?" என்று மட்டும் கேட்டார். கம்பளிச் சால்வையை நீங்களே போடுங்களாம்.

உங்கள் கடிதம் வந்த அடுத்த விநியோக நாள் அருந்ததி இரண்டு பிள்ளைகளையும் தலை வாரிக் கூட்டிக்கொண்டு சங்கக்கடைக்குப் போனாள். தாளை முகாமையாளரிடம் நீட்டினாள். அவர் மனதுக்குள் வாசித்துவிட்டு, "சரி பிள்ளை, விளங்கீட்டுது. சாமானை எடு" என்றார்.

"ஐயா, கள்ளி எண்டு எல்லாருக்கும் கேக்கத்தானே வாசிச்சனீங்கள். இதையும் அப்பிடி வாசியுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். நீங்கள் எழுதியபடியே: "பாலசுப்பிரமணியம் அருந்ததி ஒரு காட்டுக்கு மேல் எடுக்கவில்லை. அவரைப் போல வெட்டப்பட்ட ஒருவரும் எடுக்கவில்லை. இரண்டு பேரை ஒருவர் என்று சொன்ன நிரலை எழுதியவன் நான். பிழை இருக்கிறது என்று எனக்கு முன்பே சொல்லப்பட்டது. கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்." வரிசையில் கிணற்றடிப் பெண்களும் நின்றார்கள். ஒருத்தி வந்து அருந்ததியின் சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது; இந்த விசயத்தில் கோபம் இல்லாமல் கண் நிறைந்தது அதுதான் முதல் தரம்.

அவள் மாவும் சீனியும் பால்மாவும் வாங்கினாள். பை கனம். சீவரத்தினம் வரிசையை விட்டு ஓடி வந்தார். "தா பிள்ளை, நான் சைக்கிளிலை கொண்டு வந்து தாறன்" என்று பையைப் பிடித்தார். அவள் விடவில்லை. இரண்டு பேரும் ஒரே பையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள்.

"அந்த நிரலை எழுதின ஆள் என்னைக் காணாதவர், அண்ணை" என்றாள். "மிசினுக்கும் என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் கையை எடுத்துவிட்டார். அவள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

தங்கை
கனகம்